தோலும் கத்தியும் உரசும் இடம்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாகப் போனால் துறைமுகம் வரும், காசிமேட்டு மீன் ஏலம் வரும், கன்டெய்னர் லாரிகளின் வரிசை வரும், ஆலைகள் வரும், கடைசியில் கழிமுகம் வரும். பருத்திச் செடி மட்டும் வராது. ஆனாலும் தண்டையார்பேட்டைச் சந்து ஒன்றில் இருந்த லேத் பட்டறைக்கு ஆவணி, புரட்டாசி பிறந்தால், பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங் மில்களின் ரோலர்கள் வந்து இறங்கும். குண்டூர்ப் பக்கத்திலிருந்து வரும், ஆதோனியிலிருந்து வரும், சில வருஷம் ராஜபாளையத்திலிருந்தும் வரும். சீசன் தொடங்குவதற்குள் அத்தனையையும் கடைந்து, வரி வெட்டி, திருப்பி அனுப்பியாக வேண்டும்.

அந்தப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, டர்னர் ஆகி, பிறகு மில்களுக்கே போய் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டும் பிட்டராக ஆனவர் ஒருவர். எழுபது வயதைத் தாண்டிவிட்டார். இப்போதும் கொருக்குப்பேட்டையில் ஒரு பட்டறைக்கு மாலையில் போய் உட்கார்ந்துகொள்கிறார். பட்டறைப் பையன்களுக்கு அவர் ‘மேஸ்திரி’. ஜின்னிங் இயந்திரத்தில் தன் காலத்தில் நடந்த மாற்றங்களைப் பற்றிக் கேட்டால் அவர் மோட்டாரில் ஆரம்பிப்பதில்லை, கம்ப்யூட்டரில் ஆரம்பிப்பதில்லை. “தோலும் கத்தியும் ஒரசுற எடம் இருக்கே, அங்கதான் எல்லாமே. மத்தது எல்லாம் அதுக்குத் தீனி போடுறதும் அள்ளிக்கினு போறதும்தான்” என்கிறார்.

அவர் சொல்வது மிகையல்ல. வயலில் பறித்த கொட்டையுள்ள பருத்தியை வியாபாரத்தில் கபாஸ் என்பார்கள். நூறு கிலோ கபாஸை அரைத்தால் பஞ்சு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கிடைக்கும். மீதியில் பெரும்பகுதி பருத்திக்கொட்டை, கொஞ்சம் தூசும் இலைச் சருகும். ரகத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு சதவீதம் கூடும், குறையும். மில்காரருக்கு லாபமும் நட்டமும் அந்த ஒன்றிரண்டு சதவீதத்தில்தான் இருக்கிறது. கொட்டையில் பஞ்சு ஒட்டியபடியே போனால் நட்டம். ஒட்டாமல் எடுக்கிறேன் என்று கொட்டையை உடைத்தால், ஓட்டுத் துணுக்கு பஞ்சில் கலந்து நூல் மில்லில் பேச்சு வாங்க வேண்டும். இழையை அறுத்தால் பஞ்சின் நீளம் போய்விடும், விலையும் போய்விடும். இந்த மூன்றையும் ஒரே இடத்தில் சமாளிக்க வேண்டும்.

இந்தியாவில் பெரும்பாலான மில்களில் ஓடுவது இரட்டை ரோலர் ஜின். அதன் மூலக் கருத்து 1840ல் அமெரிக்காவின் அலபாமாவில் ஃபோன்ஸ் மெக்கார்த்தி என்பவர் காப்புரிமை வாங்கியது. தோல் போர்த்திய ரோலர் ஒன்று சுற்றுகிறது. அதை அழுத்திக்கொண்டு ஒரு நிலைக்கத்தி நிற்கிறது. தோலின் சொரசொரப்பு இழையைப் பற்றிக் கத்திக்கு அடியில் இழுத்துக்கொண்டு போகிறது. கொட்டையால் அந்தச் சந்துக்குள் நுழைய முடியாது, கத்தியின் விளிம்பில் முட்டி நிற்கும். அப்போது எதிரே மேலும் கீழும் அசையும் இன்னொரு கத்தி கொட்டையைத் தட்டிவிடுகிறது. இழை கழன்று ரோலரோடு போகிறது, கொட்டை கம்பிச் சல்லடை வழியாகக் கீழே விழுகிறது. இரட்டை ரோலரில் இதே வேலை இரண்டு பக்கமும் நடக்கும். அசையும் கத்திகளைத் தாங்கி நடுவில் ஆடும் பீட்டர் இரண்டு ரோலருக்கும் பொது. ரோலர் நிமிஷத்துக்கு நூறு சுற்று அளவில் சாவகாசமாகச் சுற்றும். பீட்டரோ அதே நிமிஷத்தில் ஆயிரம் தடவை அளவில் ஆடும். மில்லுக்குள் நுழைந்ததும் காதை அடைக்கும் சத்தம் அந்தப் பீட்டருடையது.

பள்ளிக்கூடப் பாடத்தில் வருவது மெக்கார்த்தி அல்ல, எலி விட்னி. 1794ல் அவர் காப்புரிமை பெற்ற ஜின் வேறு வகை. சுற்றும் பற்கள் இழையைப் பிடித்துக் கம்பிகளுக்கிடையே இழுக்க, கொட்டை இந்தப் பக்கமே தங்கிவிடும். பின்னால் கம்பிப் பற்களுக்குப் பதிலாக வட்ட ரம்பங்கள் வந்தன. ரம்ப ஜின் வேகமானது, ஆனால் முரட்டு வேலை. அமெரிக்காவில் சாதாரணப் பருத்தியை இன்றும் பெரும்பாலும் ரம்ப ஜின்னில்தான் அரைக்கிறார்கள். நீள இழைப் பிமா பருத்தி என்றால் அவர்களும் ரோலருக்குத்தான் வருகிறார்கள். மேஸ்திரிக்கு இதில் ஒரு தனிப் பெருமிதம் உண்டு. நல்ல சரக்கு என்றால் அமெரிக்காக்காரனும் தோலைத்தான் நம்பினான் என்பார்.

ரம்பமா ரோலரா என்ற இந்தச் சண்டை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி 1840ல் அமெரிக்கத் தோட்டக்காரர்களை வேலைக்கு அமர்த்தி, நீள இழைப் பருத்தியை இந்தியாவில் விளைவிக்க அனுப்பியது. சென்னை மாகாணத்தில் அந்தச் சோதனைகள் கோயம்புத்தூரில் நடந்தன. 1842 முதல் 1853 வரை அவற்றைக் கவனித்தவர் தாவரவியல் அறிஞரான டாக்டர் ராபர்ட் வைட். தோட்டக்காரர்களோடு ரம்ப ஜின்களும் வந்தன. அதுவரை இங்கே கொட்டை எடுத்தது இரண்டு உருளைகளை எதிரெதிராகச் சுற்றும் கை இயந்திரத்தில். வடக்கே அதைச் சர்க்கி என்பார்கள். நாள் முழுக்கச் சுற்றினாலும் சில ராத்தல் பஞ்சுதான் சேரும். ஆனால் இழை அறுபடாது. அமெரிக்க ரகத்தில் பஞ்சு கொட்டையை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும், அதற்கு ரம்பம் தேவைப்பட்டது. நாட்டுப் பருத்தியின் குட்டை இழையையோ அதே ரம்பம் அறுத்துத் தள்ளியது. தார்வாரில் அமெரிக்க ரகம் ஊன்றிக்கொண்டதால் ரம்ப ஜின்னும் அங்கே நிலைத்தது. தமிழ்நாட்டில் அப்படி நிலைக்கவில்லை. செடி மாறினால்தான் இயந்திரம் மாறும் என்ற கணக்கு அப்போதே தெரிந்துபோனது.

அதே காலத்தில் ராயபுரம் பஞ்சின் வழியில் வந்து சேர்ந்தது. 1856ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. 1862க்குள் அந்தப் பாதை போத்தனூரைத் தாண்டி மேற்குக் கரையில் பேப்பூர் வரை போய்விட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் 1861 முதல் 1865 வரை லங்காஷயர் மில்கள் பஞ்சுக்குத் தவித்தபோது, இந்தியப் பஞ்சின் விலை எகிறியது. கோவைப் பக்கத்துச் சரக்கு ரயிலேறிக் கடற்கரைக்கே வர முடிந்தது. ஆனால் சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. பேல் என்று சொல்லும் பஞ்சுப் பொதிகளை மசூலா படகில் ஏற்றி, அலையைத் தாண்டி, தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். துறைமுக வேலை தொடங்கியது 1875ல்தான். 1881ல் வந்த புயல் அதையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது. வடக்கே நெல்லூர், குண்டூர்ப் பக்கத்துச் சரக்குக்குப் பக்கிங்காம் கால்வாய் இருந்தது. திருவொற்றியூர், எண்ணூர் வழியாக வரும் அந்தக் கால்வாயின் கரையில் இன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்களுக்கு அது ஒரு காலத்தில் சரக்குப் பாதை என்றால் நம்பிக்கை வராது.

இனி தோலுக்கு வரலாம். விஷயத்தின் சாரம் அங்கேதான்.

மெக்கார்த்தி ஜின்னின் ரோலருக்கு மேலைநாட்டில் நீண்ட காலம் வால்ரஸ் என்ற கடல் விலங்கின் தோலைப் பயன்படுத்தினார்கள். தடிப்பான தோல், இழையை நன்றாகப் பற்றும். வடதுருவத்து விலங்கை நம்பி ஆதோனியில் மில் ஓட்ட முடியாது. இந்தியாவில் அந்த இடத்துக்கு வந்தது குரோம் முறையில் பதனிட்ட தோல். சென்னைக்கும் அதற்கும் நெருக்கமான உறவு உண்டு. சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் குரோம் பதனிடும் சோதனைகளை நடத்தினார். கவலை இறைக்கும் தோல் சாலுக்கு நீடித்து உழைக்கும் தோல் வேண்டும் என்பது அவருடைய ஒரு நோக்கம். கொஞ்ச காலத்தில் பல்லாவரத்துக்குத் தெற்கே குரோம் லெதர் கம்பெனி வந்தது. குரோம்பேட்டைக்குப் பெயர் வந்த கதை அது. மரப்பட்டையில் பதனிட்ட தோல் சூட்டில் சுருங்கும். குரோம் தோலைக் கொதிநீரில் போட்டாலும் பெரிதாகச் சுருங்காது. நாள் முழுக்கக் கத்தியோடு உரசிச் சூடேறும் ரோலருக்கு வேறென்ன வேண்டும்?

பட்டறைக்கு வந்த ரோலர்களில் தோல் ஒரே போர்வையாக இருக்காது. தோல் துண்டுகளை அடுக்கித் தைத்த கனமான வட்ட வில்லைகள், நடுவில் ஓட்டையோடு. அவற்றை இரும்பு ஷாஃப்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, இரண்டு பக்கமும் தகடு வைத்து நெருக்கி முடுக்குவார்கள். கோத்து முடித்த ரோலர் பார்ப்பதற்கு அனுமாருக்குச் சாத்தும் வடை மாலையை நிமிர்த்திப் பிடித்ததைப் போலத்தான் இருக்கும். அதை லேத்தில் ஏற்றி ஒரே விட்டத்துக்குக் கடைய வேண்டும். இரும்பைக் கடைந்தால் சுருள் சுருளாக விழும். தோலைக் கடைந்தால் நீலம் கலந்த சாம்பல் நிறத் தூள் பறக்கும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளும் வழக்கம் அப்போது யாருக்கும் இல்லை. அந்த நாற்றத்தோடு மேஸ்திரி வீட்டுக்குப் போனால் அவருடைய அம்மா வாசலிலேயே நிற்கவைத்துத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உள்ளே விடுவாராம்.

கடைந்தால் மட்டும் போதாது. வழவழப்பான தோல் இழையைப் பற்றாது. ரோலரின் உடம்பில் சாய்வாகச் சுற்றி வரி வெட்ட வேண்டும். அந்த வரிதான் பருத்தியைக் கத்தியின் முழு நீளத்துக்கும் பரப்பி உள்ளே இழுப்பது. வரியின் ஆழமும் சாய்வும் ஒரே சீராக இல்லாவிட்டால், ரோலரின் ஒரு முனையில் பருத்தி குவியும், மறுமுனை வெறுமனே கத்தியைத் தேய்த்துக்கொண்டு சூடாகும். மில்லில் ஓடும்போது வரி தேய்ந்து மழுங்கும். அப்போது ஜின்னை நிறுத்தி, ரோலரை இறக்கி, மறுபடி வெட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தோல் போகும். ஏழு அங்குல விட்டத்தோடு தொடங்கும் ரோலர், ஐந்துக்குக் கீழே வரும்போது ஆயுள் முடிந்து கழற்றப்படும்.

கத்தி தீட்டும் வேலையும் அதே பட்டறையில்தான். ஜின் கத்தி சமையல் கத்தியைப் போலக் கூர்மையாக இருக்கக் கூடாது, இழையை அறுத்துவிடும். மழுங்கியும் இருக்கக் கூடாது, கொட்டை உள்ளே போய்விடும். விளிம்பு நேராகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். முழு நீளத்துக்கு ஒரு கோணலும் இல்லாமல் கிரைண்டிங் பிடிப்பதற்குக் கல் நன்றாக அமைய வேண்டும். கல்லுக்கு வடசென்னையில் குறைவில்லை. அரைக்கும் சக்கரங்கள் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் திருவொற்றியூரிலேயே 1950களிலிருந்து இருக்கிறது. சுற்றுவட்டாரமே அப்படித்தான். எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, கே.சி.பி., பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கி டயருக்கு வந்த எம்.ஆர்.எஃப். இந்த ஆலைகளில் வேலை பழகியவர்கள் ஷிப்ட் முடிந்து தனியாகப் பட்டறை வைத்தார்கள். பிராட்வேயில் பேரிங், பெரியமேட்டில் தோல், பக்கத்துத் தெருவில் வார்ப்படம். எல்லாம் ஒரு சைக்கிள் மிதிக்கும் தூரத்தில். பருத்தி விளையாத ஊருக்கு ரோலர் வந்து சேர்ந்த ரகசியம் இவ்வளவுதான். அதே லேத்தில் காலையில் காசிமேட்டு விசைப்படகின் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், மாலையில் ஜின் ரோலர்.

மேஸ்திரி மில்களுக்கு நேரில் போக ஆரம்பித்தபோது பழைய மில்களின் தரைக்கு அடியில் பள்ளம் இருந்தது. அதற்குள் ஒரே நீள ஷாஃப்ட். ஒரு முனையில் ஆயில் எஞ்சினோ பெரிய மோட்டாரோ இருக்கும். ஷாஃப்டிலிருந்து ஒவ்வொரு ஜின்னுக்கும் பெல்ட் ஏறும். ஒரு ஜின் கெட்டுப்போனால் அதன் பெல்ட்டைத் தள்ளிவிட்டு வேலை பார்க்க வேண்டும். பக்கத்து ஜின்கள் நிற்காது. ஷாஃப்டே கெட்டுப்போனால் மில்லே நிற்கும். பள்ளத்துக்குள் இறங்கி எண்ணெய் விடுவது பிட்டரின் உதவியாள் வேலை. வேட்டி கட்டிக்கொண்டு இறங்கக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். எழுதியிருக்கலாம். ஒரு மில்லில் துண்டின் நுனி பெல்ட்டில் மாட்டி ஒருவர் தோள்பட்டையை இழந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

ஒவ்வொரு ஜின்னுக்கும் தனி மோட்டார் வந்ததைத்தான் அவர் தன் காலத்தின் முதல் பெரிய மாற்றமாகச் சொல்கிறார். ஜின்னின் வேகத்தை அது கூட்டிவிடவில்லை. ஆனால் பள்ளம் மூடப்பட்டது. ஒரு ஜின்னை நிறுத்திச் சாவகாசமாகக் கத்தி வைக்க முடிந்தது. அடுத்து, திறந்துகிடந்த பல்சக்கரங்கள் எண்ணெய் நிரப்பிய கியர் பெட்டிக்குள் போயின. பித்தளை புஷ் இருந்த இடத்தில் பால் பேரிங் வந்தது. புஷ் தேய்ந்தால் பீட்டர் ஒரு நூல் அளவு தாழும், கத்திகளின் கணக்கு மாறிவிடும், மறுநாள் கொட்டை உடையும். பேரிங் வந்த பிறகு காலையில் வைத்த அளவு மாலையிலும் அப்படியே இருந்தது. விளம்பரத்தில் போட்டுக்கொள்ள முடியாத முன்னேற்றம், ஆனால் பஞ்சின் தரத்தில் தெரிந்தது.

அளவு வைப்பது என்றால் என்ன? அசையும் கத்தி தன் ஓட்டத்தின் கடைசியில் நிலைக்கத்தியை எவ்வளவு தாண்டிப் போகிறது என்பது. கொட்டையின் பருமனுக்கு ஏற்ப அதை மாற்ற வேண்டும். எம்.சி.யு. 5 ரகத்துக்கு வைத்த அளவு சுவின் ரகத்துக்குச் சரிவராது. கரிசல் காட்டுக் கருங்கண்ணிக்கு இன்னொன்று. தாண்டல் அதிகமானால் கொட்டை நசுங்கும். குறைந்தால் பஞ்சு ஒட்டிய கொட்டை கீழே விழும். புத்தகத்தில் மில்லிமீட்டர் கணக்கு இருக்கிறது. மில்லிலோ ஒரே கபாஸ் குவியலில் மூன்று ஊர்ச் சரக்கு கலந்திருக்கும். மேஸ்திரி சல்லடைக்கு அடியிலிருந்து ஒரு பிடி கொட்டையை அள்ளி, உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார். பிறகு போல்ட்டைக் கால் சுற்று தளர்த்துவார், மறுபடி ஒரு பிடி அள்ளுவார். பீட்டரின் சத்தத்திலும் அவருக்குச் சேதி உண்டு. கொட்டை உடைய ஆரம்பித்தால் சத்தத்தில் ஒரு நொறுங்கல் சேரும் என்கிறார். வெளியாளுக்கு எல்லாமே ஒரே இரைச்சல்தான்.

ஈரம் இன்னொரு தலைவலி. பருத்தியில் ஆறு முதல் எட்டு சதவீதம் ஈரம் இருந்தால் ரோலரில் நன்றாக ஓடும். வெயிலில் காய்ந்து மொறமொறத்த பருத்தியின் இழை எளிதில் ஒடியும். அதனால் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் வந்தது. இழைக்காகத் தெளிக்கிறவர்கள் உண்டு, எடைக்காகத் தெளிக்கிறவர்கள் அதைவிட அதிகம் உண்டு. பிற்காலத்தில் அளவாக ஈரமேற்றும் கருவிகள் வந்தபோது, முதல் ரகத்தாருக்கு அது பயன்பட்டது.

ஆனால் இயந்திரத்தை நிஜமாகவே வேறாக்கியது தானாகத் தீனி போடும் ஃபீடர். அதற்கு முன் ஜின்னுக்கு ஒரு பெண் என்ற கணக்கில் வரிசையாக நிற்பார்கள். குவியலிலிருந்து கபாஸை அள்ளி, கையால் உதறி, ரோலரின் நீளத்துக்குப் பரப்பிப் போட வேண்டும். கொத்தாகப் போட்டால் அடைக்கும். குறைத்துப் போட்டால் தோல் வெறும் கத்தியில் தேயும். பழகிய கை இதைச் சீராகச் செய்யும். போடும்போதே கல், இலை, கயிற்றுத் துண்டைப் பார்த்து வீசியும் விடுவார்கள். கூலி மட்டும் ஆண் பிட்டருடையதில் பாதிகூட வராது. தூசு நுரையீரலுக்குள் போவது தனிக் கணக்கு. பழைய இரட்டை ரோலர் ஜின் மணிக்கு நாற்பது கிலோ பஞ்சு கொடுத்தாலே நல்ல ஓட்டம். நீளமான ரோலரும் ஃபீடரும் சேர்ந்த ஜம்போ ஜின்கள் நூறு கிலோ அளவுக்குப் போயின. இந்த வேகத்துக்குக் கையால் தீனி போட முடியாது. பெண்கள் வரிசை கலைந்தது. சிலர் பஞ்சில் குப்பை பொறுக்கும் வேலைக்குப் போனார்கள், பலர் மில்லுக்கே வரவில்லை. ஃபீடரைப் புகழ்ந்து பேசும் எல்லாரும் இந்தப் பக்கத்தைச் சொல்லாமல் விடுகிறார்கள். மேஸ்திரி சொல்கிறார்: “அந்தம்மாங்க கண்ணு பார்த்ததை மெஷின் பார்க்கலை. கல்லு உள்ளே போவ ஆரம்பிச்சது அப்புறம்தான்.”

கல் கத்தியில் பட்டால் பொறி பறக்கும். பஞ்சில் பிடித்த நெருப்பு உடனே எரிந்து காட்டாது. பேலுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். அதனால் ஃபீடருக்கு முன்னால் கபாஸைச் சுத்தம் செய்யும் பிரீ-கிளீனரும், இரும்பை இழுக்கும் காந்தமும், கல் விழுந்துவிடும் பொறியும் கட்டாயமாயின. ஒரு முன்னேற்றம் தனியாக வராது. இரண்டு மூன்று துணைக் கருவிகளையும் அவற்றுக்கான கடன் தவணையையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

மத்திய அரசு 2000ல் தொடங்கிய பருத்தித் தொழில்நுட்ப இயக்கம் அந்தக் கடனில் ஒரு பங்கை மானியமாக ஏற்றுக்கொண்டது. ஜின்னிங், பிரஸ்ஸிங் ஆலைகளை நவீனமாக்குவது அதன் நான்காவது பிரிவு. அதற்கு வலுவான காரணம் இருந்தது. உலக நூற்பாலைகளிடம் எடுத்த கலப்பட ஆய்வுகளில் இந்தியப் பஞ்சு தொடர்ந்து மோசமான இடத்தில் இருந்தது. சணல் நூல், பிளாஸ்டிக் சாக்கு இழை, தலைமுடி, பீடித்துண்டு என்று நூலில் என்னென்னவோ வந்தன. இவை ரோலரின் குற்றம் அல்ல. மண் தரையில் கொட்டிய கபாஸ், கூடையில் சுமந்த பஞ்சு, அரைத்த மில்லிலிருந்து அழுத்தும் மில்லுக்குத் திறந்த வண்டியில் போன பயணம், இவற்றின் குற்றம். புதிய மில்களில் கபாஸைக் காற்றுக் குழாய் உறிஞ்சிக்கொண்டு போகிறது. பஞ்சு கன்வேயரில் ஏறி நேராகப் பிரஸ்ஸுக்கு வருகிறது. 170 கிலோ பேலாகக் கட்டப்படும்வரை மனிதக் கை படுவது குறைந்தது. தரைக்கு சிமென்ட் போட்டதுதான் எல்லாவற்றிலும் மலிவான சீர்திருத்தம் என்று மேஸ்திரி சிரிக்கிறார்.

இத்தனை காலமும் கேள்வி கேட்கப்படாமல் இருந்தது தோல் மட்டும்தான். கடைசியில் அதற்கும் நாள் வந்தது. கத்தியோடு உரசும் தோலிலிருந்து தூள் பறக்கிறது என்றால், அது போய்ச் சேரும் இடம் பஞ்சு. தூளில் இருப்பது குரோமியம். மும்பையில் 1924ல் தொடங்கிய பருத்தி ஆராய்ச்சிக் கூடம்தான் இன்றைய சிர்காட். அதற்கு நாக்பூரில் ஜின்னிங் பயிற்சி மையம் ஒன்று உண்டு. குரோம் தோல் ரோலரில் அரைத்த பஞ்சில் குரோமியம் சேர்வதையும், ரோலர் தூள் தொழிலாளர்களின் மூச்சில் கலப்பதையும் ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். மாற்றாக, பருத்தித் துணி அடுக்குகளை ரப்பரோடு சேர்த்து அழுத்திய வில்லைகள் வந்தன. அமெரிக்க ரோலர் ஜின்களிலும் துணியும் ரப்பரும் சேர்ந்த போர்வைதான் இப்போது வழக்கம்.

இந்தச் செய்தி பட்டறைக்கு வந்தபோது மேஸ்திரிக்குக் கோபம் வந்ததாம். வாழ்நாள் முழுக்கக் கடைந்த தோலை விஷம் என்கிறார்களே என்று. கோபம் தணிந்த பிறகு, தன்னோடு தோல் கடைந்தவர்களில் இருமிக்கொண்டே இருந்தவர்களை நினைத்துப் பார்த்திருக்கிறார். இருமலுக்குக் காரணம் தோல் தூளா, பீடியா, வடசென்னைக் காற்றா என்று யாரும் சோதித்ததில்லை. ரப்பர் வில்லையைக் கையில் வாங்கிப் பார்த்து, லேத்தில் ஏற்றி, சரிவரக் கடைய வேறு உளி முனை வேண்டும் என்று கண்டுபிடித்தார். தோலில் வரும் முனை ரப்பரில் சூடேறி இழுக்கும். திருவொற்றியூரில் ரப்பர் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, கேட்டுக் கற்றுக்கொண்டார். ஆனால் விலை, பழக்கம், பக்கத்தில் கிடைப்பது என்று பல காரணங்களால் பல மில்களில் குரோம் தோலே தொடர்ந்தது. அந்த மில்கள் தோல் வில்லையைத்தான் கேட்டன. பட்டறையும் கொடுத்தது.

கத்தி விஷயத்திலும் மாற்று வந்திருக்கிறது. நியூ மெக்சிகோவின் மெசில்லா பார்க்கில் உள்ள அமெரிக்க அரசின் ஜின்னிங் ஆய்வுக்கூடம், ஆடும் கத்திக்குப் பதிலாகச் சுற்றும் கத்தியை உருவாக்கியது, 1960களில் அது ஆலைகளுக்கு வந்தது. முன்னும் பின்னும் ஆடும் எந்தப் பொருளும் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கிளம்ப வேண்டும். அதிர்வு அங்கேதான் பிறக்கிறது. சுற்றுவதற்கு அந்தத் தொல்லை இல்லை, அதனால் வேகத்தைக் கூட்டலாம். இந்தியாவில் இரட்டை ரோலரை அது அசைக்கவில்லை. விலை குறைவு, ஊர்ப் பட்டறையிலேயே பழுது பார்க்கலாம், கொட்டையோ இழையோ அதிகம் சேதமாகாது என்றால் மில்காரர் எதற்கு மாறுவார்?

மேஸ்திரிக்கு இன்னும் தீராத குறை ஒன்று உண்டு, அது விட்டக் கணக்கு. நூறு சுற்றில் ஓடும் ஏழு அங்குல ரோலரின் மேற்பரப்பு நிமிஷத்துக்கு 56 மீட்டர் நகரும். அது தேய்ந்து நாலரை அங்குலம் ஆனால் அதே நூறு சுற்றில் 36 மீட்டர்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உற்பத்தி போய்விட்டது, கரண்ட் பில் அதற்கேற்பக் குறைவதில்லை. மில்காரர் கபாஸைத் திட்டுவார், பிட்டரைத் திட்டுவார். ரோலர் தேயத் தேய மோட்டார் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று அவர் பல வருஷமாகச் சொல்லிவந்தார். இப்போது அலைவெண்ணை மாற்றி மோட்டாரைக் கட்டுப்படுத்தும் டிரைவ் சல்லிசாகக் கிடைக்கிறது, செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்து அவர் கேட்பது, நிலைக்கத்தி தோலை எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும் ஒரு மீட்டர். எடைக்கல்லோ ஸ்பிரிங்கோ வைத்து அழுத்தம் கொடுக்கிறார்கள். சரியாக இருக்கிறதா என்பதைத் தோலின் சூட்டைக் கையால் தொட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது. லாரி எடைமேடைகளில் வைக்கிற லோடு செல்லில் சின்னதாக ஒன்றைக் கத்தியின் நெம்புகோலில் வைத்தால் போதும் என்று படம் வரைந்து வைத்திருக்கிறார். கொருக்குப்பேட்டைப் பையன் ஒருவன் அதற்குச் சர்க்யூட் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். மில்காரர்கள் இதற்குக் காசு கொடுப்பார்களா என்று கேட்டால், மேஸ்திரி கொஞ்சம் யோசிக்கிறார். “பஞ்சு வெல ஏறுற வருசத்துல குடுப்பாங்க. அந்த வருசத்துல அவங்களுக்கு மெஷினை நிறுத்த நேரம் இருக்காது” என்கிறார்.